ஹாரன் முனியும் ராஜாத்தியின் கண்டக்டரும்

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாக இட்லிக் கடை போட்டிருக்கும் ராஜாத்திக்குப் பொய் சொல்வது பெரிய காரியமே இல்லை. நேற்றைய சட்னியை இப்போதுதான் அரைத்தது என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வாள். ஆனால் அவள் சொன்னதிலேயே பெரிய பொய் வியாபாரத்துக்காகச் சொன்னது அல்ல. ஒரு குருவிக்காகச் சொன்னது.

கறுப்பும் வெள்ளையுமாக, வாலை எப்போதும் தூக்கியே வைத்திருக்கும் குருவி. விடிவதற்குச் சற்று முன்னால் கடைக்கு எதிரே இருக்கும் மின்கம்பத்தின் உச்சியில் வந்து உட்காரும். ஒரு முறை பாடியதை மறுமுறை பாடாது. குழையும், இழுக்கும், திடீரென்று நிறுத்தி யாரையோ கிண்டல் செய்வது மாதிரி ஒரு சீட்டி அடிக்கும். அதன் பெயர் ராஜாத்திக்குத் தெரியாது. விசில் ஊதுகிறது, பந்தாவாக நிற்கிறது என்பதால் கண்டக்டர் என்று வைத்துவிட்டாள்.

முதல் ஈடு இட்லி வேகும் நேரம்தான் கண்டக்டரின் நேரம். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கையில் டீயோடு, மேலே பார்த்துக்கொண்டே இருப்பாள். அதற்கப்புறம் பகல் முழுக்க சாம்பார் கேட்பவர்களும் சட்னி கேட்பவர்களும் அவளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நாளில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதைத் தொட்டவர்களை அவளால் மன்னிக்க முடியவில்லை.

தொட்டவர்கள் லாரிக்காரர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அங்கே வரிசையில் நிற்கும். வரிசை நகரும்போது முன்னால் இருப்பவர் ஸ்டியரிங்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். பின்னால் இருப்பவர் ஏர் ஹாரனை அமுக்குவார். கண்டக்டர் பாதிப் பாட்டில் பறந்துவிடும். ராஜாத்தி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். அவர்கள் அந்தத் திட்டையும் இட்லிக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு சாயங்காலம் கடலோரத்தில் கிடந்த ஒரு கருங்கல்லை எடுத்து வந்தாள். கம்பத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் உட்கார வைத்தாள். மறுநாள் சாப்பிட வந்த மாரியப்பனை ஓரமாகக் கூப்பிட்டாள். மாரியப்பன், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் லாரியைக் கிளப்பாத டிரைவர்.

"ஒன்னாண்ட மட்டும் சொல்றேண்ணா. இது ஹாரன் முனி. விடியறதுக்குள்ள எவனாச்சும் இங்க ஹாரன் அட்சான்னா டயரு வெடிச்சுடும்."

அவரிடம் மட்டும் சொன்னால் போதும், ஊருக்கே போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வாரமே எவனோ ஹாரன் அடித்தான், அவன் டயர் வெடித்தது. வழுக்கையான டயர், அதன்மேல் கொள்ளாத பாரம். வெடிக்காமல் என்ன செய்யும்? ஆனாலும் ராஜாத்தியே ஒரு முறை அந்தக் கல்லைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து கிளீனர்கள் இறங்கிப் போய், முன்னால் நிற்கும் லாரியின் கதவைக் கையால் தட்டி டிரைவரை எழுப்பினார்கள். கண்டக்டர் முழுப் பாட்டையும் பாடியது. ராஜாத்தி வாளிமேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

அவள் செய்த தப்பு, தான் எந்த ஏரியாவில் இருக்கிறோம் என்பதை மறந்ததுதான். எங்கள் பக்கத்தில் மஞ்சள் பூசிய கல் ரொம்ப நாள் வெறும் கல்லாக இருக்காது. ஆடி பிறப்பதற்குள் தகரக் கூரை வந்தது, சூலம் வந்தது, விழாக் குழு வந்தது. அதற்குத் தலைவனாக ரஞ்சித் வந்தான். ராஜாத்தி பார்க்க வளர்ந்த பையன், இப்போது குழந்தை குட்டிக்காரன். வாய் ஓயாதவன்.

"முனிக்குக் கூழு ஊத்தறோம்க்கா. ஆடி முழுக்கக் காலைல நாலு மணிக்கே பாட்டு போட்டுட்டோம்னா ஏரியாவே அதிரும்."

சொன்னதோடு நிற்காமல், குழாய் ஸ்பீக்கர்களை அதே கம்பத்தில் கட்டினான். சோதனைக்குப் போட்ட முதல் பாட்டிலேயே கண்டக்டர் ஓடிவிட்டது. மறுநாள் காலையும் வரவில்லை. ராஜாத்திக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் கடையைத் தூக்கிக் கடலில் போடுவார்கள். சொல்லாவிட்டால் குருவி போய்விடும்.

அன்று சாயங்காலப் பூசையில் பம்பை அடித்ததும் அவள் கூந்தல் அவிழ்ந்தது. ராஜாத்திமேல் முனி இறங்கிவிட்டது. ஆட்டம் கோயிலைச் சுற்றி, கடைப் பக்கமும் ஒரு நடை போய்த் திரும்பி வந்தது.

"எவன்டா கொழாயக் கட்னது? எனக்குப் பாட ஆளு கீறான்டா. விடியகாலைல வருவான். அவன் பாடி முடிக்கற வரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

விடிவதற்குள் மொத்தத் தெருவும் கம்பத்தடியில் நின்றது. லாரிகள் இன்ஜினை அணைத்திருந்தன. மாரியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். வயர் பிடுங்கிய ஸ்பீக்கர்கள் மட்டும் மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ராஜாத்தி கண்டக்டர் உட்காரும் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லையென்றால் பொய்யும் போச்சு, கண்டக்டரும் போச்சு. பொய் போனால் போகட்டும், அது வந்தால் போதும் என்று தான் நட்ட கல்லையே கும்பிட்டாள்.

கிழக்கு வெளுத்தது. வரவில்லை. யாரோ இருமினார்கள், பத்துப் பேர் முறைத்தார்கள். அப்புறம் கறுப்பாக ஏதோ ஒன்று வந்து ஸ்பீக்கரின் விளிம்பில் உட்கார்ந்தது. வாலைத் தூக்கியது. பாடியது.

அத்தனை கைகளும் தலைக்குமேல் குவிந்தன. மாரியப்பன் அழுதார். இத்தனை வருஷமாக இதே ரோட்டில் போகிறேனே, ஒரு நாளும் காதில் விழவில்லையே என்று முனகினார். ராஜாத்திக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது.

ரஞ்சித் மெதுவாக அவள் பக்கம் நகர்ந்து வந்தான்.

"அக்கா, நேத்து சாமியாடிகினு இருந்தியே, நடுவுல கடையாண்ட போயி, பொங்கற பால எறக்கி வெச்சுட்டு வந்து மறுபடி ஆடுன. நான் பாத்தேன்."

ராஜாத்தி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"முனிக்குப் பாலு தீஞ்சா புடிக்காது. வாய மூடிகினு கேளுடா."

ரஞ்சித் வாயை மூடினான். கண்டக்டர் கடைசிச் சீட்டியை அடித்துவிட்டுப் பறந்த பிறகும் அண்ணாந்துகொண்டே நின்றான். பிறகு, ஸ்பீக்கரைக் கழற்றக் கம்பத்தில் ஏறப் போன பையனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"வுட்றா, நாளிக்கு அது எங்க வந்து குந்தும்?"