மேகலாவைத் தமிழில் சொன்ன நாள்

காலை ஏழு மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் பஸ் ஏறினேன். ஆங்கிலத்தில் எழுதும் இன்றைய கவிஞர்களை அறிமுகப்படுத்தும் ஒரு தொகுப்புக்கு நான் பதிப்பாசிரியை. அதில் இடம்பெறும் மேகலா, போன ஆடியில் பெங்களூரில் மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனாள். முப்பத்தோரு வயது. அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

ராசிபுரம் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. நாமக்கல்லில் இறங்கி, பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு எருமப்பட்டி டவுன் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் நீண்ட கோழிப் பண்ணைகள். காற்றில் தீவன வாடை.

வீட்டை அடைந்தபோது பத்து மணி. மேகலாவின் அம்மா மோர் கொடுத்தார். அப்பா பண்ணையிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது.

"ஏனுங்க, எம்புள்ள என்னதான் எழுதுனா?" என்று கேட்டார் அம்மா. "கேட்டா, உனக்குப் புரியாதும்மான்னு சிரிச்சிருவா. ஒண்ணே ஒண்ணு தமிழ்ல சொல்லுங்க."

எனக்கு மிகப் பிடித்த கவிதையை வரி வரியாகச் சொன்னேன். நாமக்கல் பள்ளி விடுதி. ஞாயிற்றுக்கிழமை. வார்டன் அறையில் போன் வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்கிறாள் அம்மா. நன்றாக இருக்கிறேன் என்கிறாள் சிறுமி.

"அது நாந்தானுங்க," என்றார் அம்மா. முகம் தெளிந்திருந்தது. "அப்புறம்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேகலா எழுதியதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. போனை வைத்ததும் சிறுமி குளியலறைக்குப் போகிறாள். அழுவது வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுகிறாள். வாளி நிரம்பி வழிகிறது.

அம்மா என் கையிலிருந்த மோர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலீங்க," என்றார். பிறகு, "இன்னொருக்கா சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புஸ்தகத்துல போடுங்க. அவ எழுதுனதுதானுங்களே," என்றார்.

பஸ் நிறுத்தம் வரை அப்பா கூட வந்தார். தூரத்தில் பஸ் தெரிந்ததும், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "இங்கிலீசு வரோணும்னுதானுங்க அந்த ஆஸ்டல்ல சேத்தோம்."

பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தேன்.

"அவளுக்கு வந்துருச்சுங்க," என்றார்.