தையற்காரர் தேடிய ஓட்டை

வெல்டர் தையற்காரருக்குப் பன்னிரண்டாயிரம் கொடுக்க வேண்டியிருந்தது. அது கைமாற்றாக வாங்கியதும் இல்லை, சாமான் வாங்கிய பாக்கியும் இல்லை. தனக்கு அப்படி ஒரு பணம் வரவேண்டியிருக்கிறது என்பது தையற்காரருக்கே தெரியாது. வெல்டருக்கு மட்டும் தெரியும். மூன்று வருஷம் அதை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அவர் சாப்பிட்டார், தூங்கினார், போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொண்டும் திரிந்தார்.

மார்தட்டிக்கொள்ள அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒட்டும் உறவும் விட்டுப்போயிற்று. பதினொரு வயதில் யாரோ ஒருவருடைய பட்டறையில் கேபிள் சுமந்தார். இருபத்தாறில் சொந்தமாக ஒரு மெஷின், முப்பதில் சொந்தப் பட்டறை. அந்தத் தெருவில் பாதி வீடுகளின் ஜன்னல் கம்பியும் மாடிப்படிக் கைப்பிடியும் அவர் கைவேலைதான். பற்றவைத்த இடத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்துக் காட்டி, "வீடு விழும், இது விழாது" என்பார். சொன்னது சொன்னபடி நிற்கவும் செய்தது. குறைத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. குறைத்து வேலை செய்தும் பழக்கமில்லை.

சதுரங்கமும் பட்டறையில்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. மின்சாரம் போன மத்தியானங்களில் இரும்புத் தகட்டின்மேல் சாக்கட்டியால் கட்டம் போட்டு, நட்டையும் போல்ட்டையும் காயாக வைத்துப் பழகியது. முறையாகக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துக் கடைத் தையற்காரர். வெல்டரைவிட நாலு வயது மூத்தவர், அதனால் அண்ணன். மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் அளவு நாடா. வெட்டுமேஜையின் இழுவறையில் கத்தரிக்கோலுக்கு அடியில் பழைய சதுரங்கப் புத்தகம் ஒன்று. கடை மூடியிருக்கும் ஞாயிறுகளில் மருந்துக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும்கூட அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அவரிடம் பாடம் கேட்பார்கள்.

ஆட்டத்தைத் தொடங்க எத்தனையோ வழி இருக்கிறது. அண்ணனும் தம்பியும் அவற்றை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்று கத்தி வழி. அதில் இறங்கினால் நீயா நானா என்று பார்த்துவிட வேண்டியதுதான். மற்றது தூங்கு வழி. அதில் தோற்பது கஷ்டம், ஜெயிப்பது அதைவிடக் கஷ்டம்.

"தூங்கு வழி யாருக்குண்ணே?" என்று வெல்டர் கேட்பார்.

"பென்ஷன் வாங்கறவங்களுக்கு."

"அப்ப நமக்கு வேண்டாம். நமக்குக் கத்திதான்."

அந்த வருஷம் தொழிலாளர் மன்றத்தில் இரட்டையர் போட்டி வைத்தார்கள். ஒரு அணிக்கு இரண்டு பேர், இரண்டு பேர் எடுக்கிற புள்ளியும் கூட்டி ஒரே கணக்கு. முதல் பரிசு இருபத்து நாலாயிரம். இரண்டாம் பரிசு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம். தையற்காரருக்கு அந்தப் பணத்தில் தன் பங்கு பன்னிரண்டாயிரம் உயிர்த்தண்ணீர் மாதிரி. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் அவரிடம் இல்லை. தைத்ததையெல்லாம் மூட்டை கட்டி இன்னொரு கடைக்கு அனுப்பி, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து ஓரம் அடித்து வாங்கினார். லாபமெல்லாம் அந்தக் கடைக்கே போயிற்று. பழைய மெஷின் ஒன்றைப் பதினாலாயிரத்துக்குப் பேசி, கையிலிருந்த இரண்டாயிரத்தை முன்பணமாகக் கொடுத்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முந்நூறு, மெஷின் வந்தால் அவருக்கு என்று பேச்சு.

நாற்பது நாள் பயிற்சி. தையற்காரர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். வெல்டருக்கு அந்த எழுத்தும் எண்ணும் ஏறாது; கேட்டதைக் கேட்டபடி மனசுக்குள் இறக்கிவிடுவார்.

"ராஜாவுக்கு முன்னாடி இருக்கிற சிப்பாயை எதிராளி ஒரே ஒரு கட்டம் நகர்த்தினா இந்த வரிசை. மூணாவது நகர்வுல நம்ம சிப்பாயை மேல தள்ளு. எட்டாவதுல கோட்டை கட்டிட்டு, நடுவுல நிக்கிற சிப்பாயைச் சும்மா விட்டுடு. அவன் திம்பான். அவன் ராணி ரெண்டாவதையும் திங்க வருவா. வரட்டும்."

"சும்மா குடுக்கறதா? வியாபாரம் தெரிஞ்சவன் செய்யற வேலையாண்ணே இது?"

"வாசல் கதவு செஞ்சா பூட்டு இலவசம்னு குடுக்கறியே, அது எதுக்கு?"

"அடுத்த வேலையைப் பிடிக்க."

"இதுவும் அதுக்குத்தான். வாயை மூடிட்டு கோட்டையைக் கட்டு."

கண்ணை மூடிக்கொண்டு பதினாறு நகர்வு சொல்கிற அளவுக்கு வெல்டர் தேறினார்.

இரண்டு நாள் போட்டியில் மற்ற அணிகளையெல்லாம் அடித்துத் துவைத்தார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்தபோது இவர்களுக்கு மேலே ஒரே ஒரு அணி, ஒன்றரைப் புள்ளி அதிகமாக நின்றது. அந்த அணியோடுதான் ஆட்டம். இரண்டு பலகையிலும் ஜெயித்தால் முதல் பரிசு. ஒன்றில் டிரா என்றால்கூடக் கடிகாரம்தான்.

சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைத் தையற்காரர் வாசித்தார். "எனக்கு அவங்க எஞ்சினியர். உனக்குக் கான்ட்ராக்டர். அவருக்குக் கறுப்பு. தம்பி, அவர் எப்பவும் அந்த ஒரு கட்டச் சிப்பாய்தான் வைப்பாரு. நாப்பது நாள் படிச்சது இவருக்குன்னே படிச்ச மாதிரி ஆயிடுச்சு!" சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினார்.

வெல்டர் கை தட்டவில்லை. கான்ட்ராக்டர் கட்டுகிற எட்டு மாடிக் கட்டடத்தின் பால்கனிக் கம்பி வேலைக்கு அவர் விலை எழுதிக் கொடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. பதில் இல்லை. இன்னும் கைக்கு வராத வேலையைப் பற்றிப் பெருமை பேசுகிற ஆள் இல்லை அவர். அதனால் அண்ணனிடம்கூட மூச்சு விட்டிருக்கவில்லை.

"அட, நம்ம கம்பிக்காரரா? உக்காருங்க" என்று கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். பின்னால் அவருடைய ஆட்கள் நாலு பேர் நின்றார்கள்.

முதல் நகர்வு, இரண்டாம் நகர்வு. சொல்லிவைத்தாற்போல ஒரு கட்டச் சிப்பாய். மூன்றாவது நகர்வுக்கு வெல்டர் கையை நீட்டினார். சிப்பாயை மேலே தள்ளினால் கத்தி. நாலு ஆட்களுக்கு முன்னால் முதலாளியைக் குத்திச் சாய்த்துவிட்டு, நாளைக்கு அதே மனுஷனிடம் போய்க் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். பதிலாகக் குறுக்குக் கட்டத்தில் நிற்கும் சிப்பாயை வெட்டிவிட்டால், அவரும் வெட்டுவார். பலகை கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும்; அதுதான் தூங்கு வழி. ஆட்டம் தெரியாதவர்கள் வெட்டுவதுதான் வீரம் என்று நினைப்பார்கள். அந்த இடத்தில் வெட்டுவதைப்போலக் கோழைத்தனம் வேறில்லை.

வெல்டர் வெட்டினார்.

பக்கத்துப் பலகையில் தையற்காரரின் தலை நிமிர்ந்தது. வெல்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் நடந்தது ஆட்டமே இல்லை. குதிரைக்குக் குதிரை, ராணிக்கு ராணி என்று சாமான் மாற்றிக்கொண்டார்கள். இருபத்து நாலாவது நகர்வில் வெல்டரே கேட்டார்: "டிரா வெச்சுக்கலாமா சார்?"

"ரொம்ப சந்தோஷம்."

தையற்காரர் தன் ஆட்டத்தை ஜெயித்திருந்தார். வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தம்பியைப் பிடித்தார்.

"ஏன்டா வெட்டினே?"

பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் அவர் வாய் வளையவில்லை. "அண்ணே, நீ சொல்லிக்குடுத்த வரிசையில ஓட்டை இருக்கு. அவன் ராணி ரெண்டாவது சிப்பாயையும் தின்னுட்டுத் திரும்பிப் போக வழி இருக்கு. உக்காந்த அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. தள்ளியிருந்தா செத்திருப்பேன்."

தையற்காரர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "ஓட்டையா? நான் பார்க்கலையேடா" என்றார். திட்டவில்லை. கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த வாரம் மெஷின் வேறொருவருக்குப் போயிற்று. முன்பணம் இரண்டாயிரமும் திரும்பவில்லை. சீருடை முந்நூறும் கைவிட்டுப் போயிற்று.

அடுத்த வாரம் கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து எட்டு மாடி வேலை வெல்டருக்கு வந்தது. "உன் ஆட்டத்தைப் பார்த்தே உன் நிதானத்தைத் தெரிஞ்சுக்கிட்டாரு போல" என்று தையற்காரர் வந்து கைகுலுக்கினார். வெல்டரால் அந்தக் கையைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

பொய் அதோடு நிற்கவில்லை. பட்டறை பெரிதானது, ஆட்கள் ஆறு பேரானார்கள், கூடவே பொய்யும் வளர்ந்தது. மருந்துக்கடையில் நின்றுகொண்டு வெல்டர் சொல்வார்: "புத்தகம் எழுதினவனுக்கே தெரியாத ஓட்டை. நாலாங்கிளாஸ்காரன் கண்டுபிடிச்சேன்!" சொல்லும்போது குரல் கணீரென்றிருக்கும். வீட்டுக்குப் போகும்போது தையற்கடைப் பக்கம் பார்க்காமல் நடப்பார்.

தையற்காரர் அந்த ஓட்டையைத் தேட ஆரம்பித்தார். துணி வெட்டின அட்டைத் துண்டுகளில் கட்டம் போட்டு எடுத்து வருவார். "நீ சொன்ன இடத்துல ராணி மாட்டிக்கறாளே தம்பி? இல்லைன்னா ராஜா மாட்டறான். வழி எங்க இருக்கு?"

"நல்லா தேடுண்ணே, இருக்கு" என்று வெல்டர் சொன்னார். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை சொன்னார். கடைசியில் தையற்காரர் ஞாயிற்றுப் பாடத்தை நிறுத்திவிட்டார். மருந்துக்கடைக்காரர் காரணம் கேட்டதற்கு, "ஓட்டைச் சரக்கை நாலு பேருக்கு விக்கக்கூடாதுங்க" என்றாராம்.

மூன்று வருஷம் கழித்து, கான்ட்ராக்டரின் இரண்டாவது கட்டடத்தில் ஐந்தாம் மாடி பால்கனிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது பேச்சு அந்தப் போட்டிக்குத் திரும்பியது.

"கம்பிக்காரரே, அன்னைக்கு நீங்க சிப்பாயை வெட்டினப்ப எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. கத்தி மாதிரி ஆடறவர்னு கேள்விப்பட்டு நடுங்கிட்டு உக்காந்திருந்தேன். தள்ளியிருந்தா அரை மணியில முடிச்சிருப்பீங்க."

வெல்டர் அளவு நாடாவைச் சுருட்டினார். "நம்ம வேலை ஆர்டர் உங்க மேஜையில இருந்துச்சே சார், அதனால..."

"எது, எட்டு மாடியா? ஆட்டத்துக்கு முந்தின நாளே கையெழுத்துப் போட்டாச்சே! ஞாயித்துக்கிழமைங்கிறதால பேப்பர் வரலை. ஆட்டத்துக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" கான்ட்ராக்டர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்.

வெல்டர் ஐந்து மாடியும் படியிறங்கி வந்தார். தன் கையால் போட்ட கைப்பிடியைக்கூடத் தொடத் தோன்றவில்லை. ஒரு வேலைக்காக விற்றோம் என்றாவது இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். விலைகூட இல்லாமல் அல்லவா கொடுத்திருக்கிறார், அதுவும் அண்ணனை.

வீட்டில் பீரோவைத் திறந்து பணம் எடுத்தபோது மனைவி கேட்டாள், "யாருக்குங்க?"

"தையற்கார அண்ணனுக்கு."

"யார்கிட்டயும் கடன் வாங்கினதில்லைன்னு பெருமையடிச்சுப்பீங்களே?"

"வாங்கலை" என்றார். பணத்தைக் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கடையில் தையற்காரர் காலால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் கால்சட்டை நீளம் குறைக்கக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் போகட்டும் என்று வெல்டர் சிறிது நேரம் வாசலில் நின்றார். அவர் போகிற மாதிரி தெரியவில்லை. நின்றால் தானே ஓடிவிடுவோம் என்று பயந்து உள்ளே வந்தார்.

"அண்ணே, அந்த வரிசையில ஓட்டை இல்லை."

மெஷின் நின்றது. "கண்டுபிடிச்சிட்டியா? எங்கடா அடைச்சே?"

"அடைக்கலைண்ணே. ஓட்டையே இல்லை. நான் சும்மா சொன்னது. கான்ட்ராக்டர்கிட்ட வேலைக்கு எழுதிக் குடுத்திருந்தேன். அவரை ஜெயிக்கப் பயந்துட்டு வெட்டினேன். பயந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. உன் மேல போட்டுட்டேன்."

மருந்துக்கடைக்காரர் வெல்டரை ஏற இறங்கப் பார்த்தார். "புத்தகம் எழுதினவனுக்கே தெரியாத ஓட்டைன்னீங்க?" என்றார். வெல்டர் தலையைத் தொங்கப்போட்டார்.

தையற்காரர் கண்ணாடியைக் கழற்றினார். பேசியபோது குரல் உயரவில்லை.

"மிஷின் போச்சு, அது போகட்டும். மூணு வருஷமா குளிக்கும்போது, சாப்பிடும்போது, துணி வெட்டும்போது அந்த ராணியைத்தான் துரத்திட்டு இருக்கேன். ஒரு தடவை ஒருத்தர் சட்டையைக் குட்டையா வெட்டிட்டேன். இவ்வளவு பெரிய ஓட்டை எனக்குத் தெரியலையே, புத்தி மழுங்கிப்போச்சுன்னு நினைச்சேன்டா. சொல்லிக்குடுக்கறதை நிறுத்தினேன். நீ என்கிட்டயே 'நல்லா தேடு'ன்னு சொன்னே."

"மன்னிச்சுடுண்ணே."

"வரலைடா. வாயில வரலை. நாளைக்கு வருமான்னும் தெரியலை."

வெல்டர் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "உன் பங்கு, பன்னிரண்டாயிரம்."

"முன்பணம் ரெண்டு போச்சே?"

வெல்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதை அவர் நினைத்தே பார்க்கவில்லை. இன்னொரு பையைத் துழாவி ஆயிரம் ரூபாய் நோட்டு இரண்டு எடுத்தார். கவரோடு சேர்த்து நீட்டினார்.

"கவர்ல குடுத்துட்டு ஓடப் பார்க்காதே" என்றார் தையற்காரர். மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துக்கொண்டு, நேராக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கையை நீட்டி விரித்தார். "எண்ணு. இவருக்கும் கேக்கற மாதிரி வாய்விட்டு எண்ணு."

வெல்டர் கவரைக் கிழித்தார். "ஒண்ணு" என்றார். குரல் எழும்பவில்லை. மருந்துக்கடைக்காரர் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெல்டர் முதலிலிருந்து தொடங்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தார். பதினாலாவதையும் வைத்தார்.