அண்ணன் கடை கூட்டத்துக்கு வந்த நாள்

உத்திரமேரூரில் எங்கள் வார்டு குழுவில் என்னை உறுப்பினராகச் சேர்த்தபோது, காஞ்சிபுரத்தில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் விஷயம் பேச்சுக்கு வந்தால், அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்ற விதியை அங்கேதான் தெரிந்துகொண்டேன். நியாயம்தானே என்று தலையாட்டினேன்.

அடுத்த கூட்டத்திலேயே என் அண்ணனின் டீக்கடை பேச்சுக்கு வந்தது. கடை கால்வாய்மேல் இருந்ததால், மழை பெய்தால் பின்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. "அவர் என் கூடப்பிறந்த அண்ணன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வாசலில் அண்ணன் நின்றிருந்தார். "இன்னாம்மா, அதுக்குள்ள முட்ச்சிட்டீங்களா?"

"இல்லண்ணா. உன் கடையப் பத்திதான் பேசிக்கினு கீறாங்க. சொந்தக்காரங்க உள்ள இருக்கக் கூடாதாம். பயிற்சியில சொன்னாங்க."

அவர் என்னையே பார்த்தார். "நீ கீறேன்னுதான் தெகிரியமா வந்தேன். அண்ணன் தங்கச்சின்னா இன்னான்னு அங்க சொல்லித் தர்லியா?"

கடையை எடுத்துவிடுவது என்று உள்ளே முடிவானது.

அண்ணன் இப்போது வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். பின்தெருவில் தண்ணீர் நிற்பதில்லை. இந்தப் பொங்கலன்று அண்ணி மட்டும் சீர் கொண்டுவந்தார்.

"அண்ணா வரலியா அண்ணி?"

"மில்லுல லீவு இல்லம்மா."

பொங்கலன்று மில் மூடியிருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அந்தக் கூட்டம் மறுபடி நடந்தாலும் நான் எழுந்துதான் வருவேன். ஆனாலும் அன்று அண்ணி முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.