ஒபதியா டட்டிலின் வாரிசுகள்

லுவெல்லா டட்டில் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். எங்கள் மாசசூசெட்ஸ் ஊரில் அது ஒரு தகுதியே இல்லை. 1775இல் பிரிட்டிஷாரை எதிர்த்து யாருடைய பாட்டன் துப்பாக்கி தூக்கினான் என்பதுதான் தகுதி. தூக்கியவனின் வழிவந்தவர்கள் முன்னோர் சங்கத்தில் சேரலாம். ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தின ஊர்வலத்தில் வெள்ளை உடையும் நீலப் பட்டையுமாக முன்னால் நடக்கலாம். மற்றவர்கள் நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டுக் கைதட்டலாம்.

எழுபது வயதில் லுவெல்லாவுக்கு ஒரே ஆசை, ஊர்வலத்தில் நடப்பது.

முன்னோர் என்று காட்ட அவள் கையில் ஒபதியா டட்டில் இருந்தார். தேவாலயப் பதிவேட்டில் 1758இல் பிறப்பு. 1775ஆம் வருஷப் படைப் பட்டியலில் அதே பெயர், வயது பதினேழு. கல்லறையின் படமும் வேண்டும் என்றது சங்கம். படம் எடுத்தாள், பெயர் மட்டும்தான் தெரிந்தது. பாசியைத் தேய்த்துவிட்டு மறுபடி எடுத்தாள். ‘வயது மூன்று, இறப்பு 1761’ என்றது கல்.

எங்கள் முன்னோர் சிக்கனமானவர்கள். பிள்ளை செத்தால் பெயரை வீணாக்காமல் அடுத்த பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். லுவெல்லாவின் வம்சம் இரண்டாவது ஒபதியாவிலிருந்து வந்தது. போர் மூண்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. துப்பாக்கி தூக்கியது வேறு யாரோ ஒரு ஒபதியா.

சங்கச் செயலாளர் ஹெஸ்டர் பிராட் அவளோடு படித்தவள், தூரத்து உறவும்கூட. லுவெல்லா இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போனாள்.

“போச்சு ஹெஸ்டர். என் போர்வீரன் பால்குடி மறந்த கையோட செத்துட்டான்.”

ஹெஸ்டருக்கு முகம் வெளுத்தது. “இத வேற யார்கிட்டடி காட்டுன?”

“யார்கிட்டயும் இல்ல. ஏன்?”

“எங்கம்மா சங்கத்துல சேந்ததே இந்த ஒபதியாவ வச்சுத்தான். அம்மாவ வச்சு நான். என்னை வச்சு என் ரெண்டு பொண்ணுங்க.”

“அப்ப நாலு பேரும் போலி! வாடி நடைபாதைக்கு, நாற்காலி தரேன்.”

“கொழுப்புடி உனக்கு. கல்ல எவடி தேய்க்கச் சொன்னா?”

“உங்க சங்கந்தான் படம் கேட்டுச்சு.”

“படந்தானே கேட்டோம்? தேய்க்காததக் குடு, போதும். பாசி தானா வளந்துடும்.”

கடவுளுக்கு அஞ்சி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வம்சம். லுவெல்லா முழுதாக ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தேய்க்காத படத்தை நீட்டினாள்.

ஜூலையில் ஹெஸ்டருக்குப் பக்கத்திலேயே நடந்தாள். ஒலிபெருக்கி ஒபதியாவின் வீரத்தைச் சொன்னது. ஊரே எழுந்து நின்றது. முந்தின வாரம்தான் லுவெல்லா எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிச் சிரித்திருந்தாள். நானும் எழுந்து பலமாகக் கைதட்டினேன். சங்கத்தில் சேர நான் போட்ட விண்ணப்பம் ஹெஸ்டரிடம் இருக்கிறது.