முந்நூற்றுப் பதினாறு சரி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து இரண்டு கட்டடம் பார்த்தாயிற்று. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு தம்பதி வெளியே வந்ததும் லிஃப்டை விட்டுவிட்டு அவனைத் திட்டித் தீர்த்தார்கள். வீட்டுக்கு வந்தால், அப்பாவின் கட்டிலருகே அக்கா கிண்ணத்தோடு நிற்கிறாள். கிண்ணத்தில் சாப்பாடு அப்படியே இருந்தது.

அப்பா சாப்பாட்டுக்கு வாயைத் திறந்து ஐந்து நாளாகிறது. தண்ணீரை மட்டும் விழுங்குகிறார். நாளைக் காலை வரைக்கும் பார்ப்போம், அப்புறம் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பேசியே சம்பளம் வாங்கிய மனுஷர். பக்கவாதம் வலது கையோடு பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. தலையசைப்பில்கூட ஆமாவும் இல்லையும் ஒன்றாகிவிட்டன.

அதற்காகத்தான் அவனே ஒரு போன் செயலியை எழுதினான். போன் திரையில் பெரிய பெரிய கட்டங்கள். அப்பா இடது கையால் ஒன்றைத் தொட்டால் மகனின் குரல் பேசும்: "தண்ணி", "வலிக்குது", "திருப்பிப் படுக்க வை". உதவிக்கு ஆளில்லை. வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டான். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு சாஃப்ட்வேர் என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள்.

வீடியோவில் பாடம் நடத்தியவர் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார்: செய்கிற மாற்றத்தையெல்லாம் கிட் என்ற மென்பொருளில் போட்டு வை. கிட் ஒன்றும் பெரிய மாயமில்லை. நிரலில் கை வைக்கும்போதெல்லாம் அன்றைய நிலையை அப்படியே பத்திரப்படுத்திக்கொள்ளும். வேண்டும்போது அந்த நாளுக்கே திரும்பிப் போகலாம். பதிலுக்கு அது கேட்பது ஒரு வரிதான்: என்ன மாற்றினாய்? பத்துப் பேர் கூடி வேலை செய்யும் இடத்தில் அது நியாயமான கேள்வி. வேலை முடிந்து வந்து உட்காரும் ஒற்றை ஆள் யாருக்குப் பதில் எழுதுவது? "சரி" என்று தட்டிவிட்டு எழுந்து போய்விடுவான். எப்போதும் அதே சரிதான்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்பாவின் விரல் திரையின் வலது கீழ் மூலையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த மூலை காலியாகக் கிடந்தது.

"அங்க முன்னாடி என்னடா இருந்துச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"ஞாபகம் இல்லக்கா. பழசை எடுத்துப் பாக்கறேன்."

பட்டியலைத் திறந்தான். முந்நூற்றுப் பதினாறு வரிகள். அத்தனையும் சரி. எதில் எது மாறியது என்று அவனுக்கே தெரியவில்லை. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

லிஃப்டை அடித்தளத்திலிருந்து பார்த்துக்கொண்டு போவதுதான் பழக்கம். இங்கேயும் முதலிலிருந்தே தொடங்கினான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அந்த மூலை மாறியிருந்த நிலைகளை மட்டும் போனில் ஏற்றி அப்பாவிடம் நீட்டினான். முதலில் அங்கே "ஃபேன்" இருந்தது. அப்பா போனைத் தள்ளிவிட்டார். அடுத்தது "தலையணை". தள்ளிவிட்டார். "ஜன்னலைத் திற" என்பதை அவர் தொடக்கூட இல்லை. அவனுக்குக் கண் எரிந்தது. அக்கா கிண்ணத்தைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

இருநூற்று நாற்பத்தொன்றாவது சரியில் அந்த மூலையில் "போதும்" என்றிருந்தது. இருநூற்று அறுபத்திரண்டாவது சரியில் அது இல்லை.

இனியும் மறந்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆறு வாரம் முன்பு, அக்கா ஊட்ட வருவதற்கு முன், மூன்றாவது ஸ்பூனிலேயே அப்பா அந்தக் கட்டத்தைத் தொட ஆரம்பித்தார். ஊட்ட ஊட்ட, அவன் குரலே அவனைப் பார்த்துப் போதும் போதும் என்றது. இப்படியே விட்டால் உடம்பு தேறாது என்று பயந்தான். ஒரு சாயங்காலம் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, சரி என்று எழுதினான். அதன் பிறகு, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று அக்காவும் அவனுமாகக் கிண்ணம் காலியாகும்வரை திணித்தார்கள். அப்பாவுக்குப் புரையேறினாலும் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். நிறுத்தச் சொல்ல வழியில்லாத மனுஷர் கடைசியில் முதல் வாயையே வாங்காமல் விட்டுவிட்டார். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கட்டத்தைத் திரும்ப வைத்துப் போனை அப்பாவின் மடியில் வைத்தான். அப்பா தொட்டார். "போதும்" என்றது மகனின் குரல். மறுபடி தொட்டுப் பார்த்தார். விரலை அந்தக் கட்டத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.

ஏழு ஸ்பூன் இறங்கியது. எட்டாவதை அக்கா எடுத்தபோது "போதும்" என்றது போன். கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருந்தது. அக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

"இன்னும் ஒரே ஒரு வாய், அப்பா," என்றாள்.

"வேணாம்க்கா," என்றான் அவன். "அவர் சொல்லிட்டார்."

அக்கா ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். விரல் மட்டும் மூலையை விட்டு நகரவில்லை. அவன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். என்ன மாற்றினாய் என்று கிட் வழக்கம்போல் கேட்டது. கை தானாகச் "சரி" என்று அடித்தது. அதை அழித்துவிட்டு எழுதினான்: "அப்பாவின் போதும் திரும்ப வந்தது. எடுத்தது நான்."