அம்மா கட்டிய கூடுதல் வரி

எங்கள் வீட்டில் இங்கிலிஷ் போம், அதாவது படிவம், நிரப்பும் இலாகா என்னுடையது. பத்து வயதில் அப்படியொரு பதவி கிடைத்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? எண்பதுகளின் கடைசி அது. இங்கிலிஷ்காரர் நாட்டில், கோலியர்ஸ் வுட் என்ற இடத்தில், கோழிப்பொரியல் கடை ஒன்றுக்கு மேலே ஒற்றை அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. எங்களை முதலில் அனுப்பிவிட்டுப் பின்னால் வருவதாக இருந்த அப்பா, யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ் ஏறியவர், போய்ச் சேரவில்லை. இரண்டு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

அந்த முறை வந்தது டாக்ஸ் போம். கூடவே வந்த சிறு புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தேன். சம்பளத்தில் முதல் பங்கைத் தொடமாட்டார்கள், அதற்கு மேலே உள்ளதில்தான் வெட்டுவார்கள். ஆகவே அந்த முதல் பங்கைப் பெரிதாக்கிக்கொள்வதுதான் கெட்டித்தனம். பிள்ளையோடு தனியே இருக்கும் தாய்க்கு அது பெரிதாகும் என்று கண்டுபிடித்ததும் துள்ளிக்கொண்டு ஓடினேன்.

"அம்மா, விதவை எண்டு போட்டால் டாக்ஸ் குறையும். பிரிஞ்சு போனவை எண்டாலும் குறையும். எதைப் போட?"

அம்மா என் பள்ளிக்கூடச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"கலியாணம் கட்டினது எண்டு போடு."

"அப்பிடிப் போட்டால் ஒண்டும் கிடையாதம்மா. டாக்ஸ் குறைஞ்சால் எனக்குக் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்க ஏலும்."

"போடு எண்டு சொன்னனான்."

கணவரின் விலாசம் கேட்ட இடத்தில், எங்கள் யாழ்ப்பாண வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் இங்கிலிஷில் எழுத்துக்கூட்டிச் சொன்னார். ஒரு எழுத்தும் பிசகவில்லை. இவ்வளவு இங்கிலிஷ் தெரிந்தவருக்கு இந்தச் சின்னக் கணக்கு விளங்கவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வந்த மாமாவிடம், அம்மாவின் அண்ணன் அவர், முறையிட்டேன். அவர் போமை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"விடு பிள்ளை. கொம்மா சொன்னபடி இருக்கட்டும்."

மாமாவுக்கும் டாக்ஸ் தெரியாது என்று முடிவுகட்டினேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சம்பளத் துண்டைப் பறித்து, வீணாய்ப் போன காசை உரத்து வாசிப்பேன். அம்மா என் ஓட்டைச் சப்பாத்துக்குள் மட்டையைக் காலுக்கு அளவாக வெட்டி வைத்துத் தருவார். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதற்காகக் கிழமைக்குக் கிழமை அம்மா கட்டிய காசு அது என்பது எனக்கு அப்போது தெரியாது.