மாற்றிப் பார்க்காத ஒன்று

என் அக்கா வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. இடது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக ஏதாவது நல்லது நடக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். நாங்கள் காத்திருந்து பார்த்துவிட்டோம்.

அத்தான் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளர். அதே கடையின் சரக்கு வண்டியை நான் ஓட்டுகிறேன். பகலெல்லாம் குளியலறைக்கு எது வழுக்காது, சமையலறைக்கு எது கறை பிடிக்காது என்று சொல்லி விற்பார். மீதி நேரமெல்லாம் கேமரா. காசுக்கு எடுக்கிறவர் இல்லை. சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள், பள்ளிக்கூட நாடகம், எதிர்வீட்டுப் பூனை, எதுவானாலும் போய் நிற்பார். குடும்பத்தில் அவருக்கு ஃபோகஸ் என்று பெயர். குழந்தை கேக் வெட்டக் கத்தியை எடுத்துவிடும். இவர் "வெளிச்சம் பின்னாடி இருக்கு, இந்தப் பக்கம் திரும்பு கண்ணு" என்று அதைச் சுற்றிச் சுற்றித் திருப்புவார். அதற்குள் மெழுகுவர்த்தி உருகி கேக்கில் வழிந்திருக்கும்.

எடுத்து முடித்தால் அடுத்த வேலை கம்ப்யூட்டரில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். முகத்தைப் பெரிதாக்கி, கண்ணைப் பெரிதாக்கி, இமை முடிவரை போவார். முடி தனித்தனியாகத் தெரிந்தால் படம் பிழைத்தது. இல்லாவிட்டால் அழிந்தது.

"பல்லெல்லாம் தெரியச் சிரிச்ச படம் அத்தான், அதை ஏன் அழிச்சீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சிரிப்பு ஷார்ப்பா இல்ல மாப்ள" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான், கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்த அவர் மகள் குழந்தை உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்து சேர்ந்தது. அக்கா அழுதாள். அத்தான் லென்ஸ் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்திலேயே குழந்தையை எடுக்கலாம், ஃப்ளாஷ் அடித்துப் பயமுறுத்த வேண்டாம், அதற்கென்றே செய்த லென்ஸ் அது என்றார். "பேரனோ பேத்தியோ, முதல் படம் நான்தான் எடுப்பேன். ஆஸ்பத்திரியில எவனாவது போனை நீட்டினான்னா கையை உடைச்சிருவேன்" என்று மருமகனையும் சேர்த்து மிரட்டி வைத்தார்.

புது லென்ஸ் வந்தால் அவர் அதைச் சோதிக்கிற இடம் எங்கள் கடையின் பின்கட்டுச் சுவர். தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன வெள்ளை டைல்ஸ், கட்டம் கட்டமாக. மூன்று கால் ஸ்டாண்டை நேராக நிறுத்திச் சுவரைப் படமெடுத்தால், லென்ஸ் நல்லதா மட்டமா என்பதை அந்தக் கோடுகள் சொல்லிவிடும். மட்டமான லென்ஸில் நேர்கோடு தொப்பை போடும். ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்கதவைத் திறந்து அந்தச் சுவரின் முன்னால் நின்றோம். கேமராவில் வைத்த கண்ணை அவர் எடுக்கவேயில்லை.

"நடுவுல நாலு டைல்ஸ் இடுப்பு ஒடிஞ்ச மாதிரி இருக்கு மாப்ள. நீ பாரு."

பார்த்தேன். கோடு கோடாக, நேராக இருந்தது. சொன்னேன்.

"உனக்குப் பழக்கமில்ல. அதான் தெரியல."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஆடத் தெரிஞ்சவளுக்குத்தான்டா கூடம் கோணல்னு தெரியும்."

சரியான பதில்தான். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, அன்றைக்கு எடுத்த சுவர்ப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் கோணல் இல்லை. சுவர் நிமிர்ந்து நிற்கிறது. வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். இவருக்கு விஷயம் தெரியுமே! எந்த லென்ஸ் எப்படி வளைக்கும் என்கிற கணக்கு அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கிறதாம். படத்தைத் திறக்கும்போதே அது தானாகச் சரிசெய்துவிடுமாம். "குத்தத்தை மூடி மறைக்குது மாப்ள" என்று அந்த வசதியை அணைத்துக் காட்டினார். படத்தின் ஓரத்தில் ஒரு கோடு நூலளவு வளைந்தது. "பாத்தியா!" என்றார். எல்லா லென்ஸிலும் ஓரம் அப்படித்தான் வளையும் என்று அவரே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பார்த்த கோணலோ நடுவில். அது அவருக்கு உறைக்கவில்லை. தெரியாதவனுக்கு ஒரு முட்டாள்தனம்தான் வாய்க்கும். தெரிந்தவனுக்கு அதற்குக் காரணமும் சேர்ந்து வாய்க்கிறது.

அவருக்கு ஒரு விதி உண்டு. கேமராவில் கோளாறு என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அப்போதுதான் குற்றவாளி அகப்படுவான். அதன்படியே செய்தார். லென்ஸை மாற்றினார், கோணல் இருந்தது. பழைய லென்ஸையே மாட்டினார், அதிலும் இருந்தது. ஆக லென்ஸ் குற்றமில்லை, கேமரா. கண் வைத்துப் பார்க்கும் துளைக்குப் பக்கத்தில் பார்வைக்கு ஏற்பத் திருகிக்கொள்ள ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். அதைத் திருகியே தேய்த்தார். துளையைச் சுற்றியிருக்கும் ரப்பரை மாற்றினார். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார்.

அந்தக் கடைக்கு நானும் போயிருந்தேன். பழுது பார்ப்பவர் கழற்றினார், துடைத்தார், பூட்டினார், கண்ணை வைத்தார். "நல்லாத்தானே சார் இருக்கு?"

"நடுவுல பாருங்க."

"நடுவுலதான் சார் பாக்கறேன்."

வெளியே வந்ததும் அத்தான், "இவனுக்கெல்லாம் யார் தொழில் கத்துக் கொடுத்தது?" என்றார். பிறகு இன்னொரு கடை. அங்கேயும் அதே பதில், அதே வசவு. கடைசியில் கேமராவையே கொடுத்துவிட்டு, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புது மாதிரிக் கேமரா ஒன்றை வாங்கினார். இதில் துளைக்குள் தெரிவது குட்டித் திரை. அந்தத் திரையிலும் நடு டைல்ஸ் வளைந்தது. "புது மாடல் இல்லையா, கம்பெனிக்காரன் அப்டேட் விடுவான், அதுல சரியாயிடும்" என்றார். அப்டேட் வந்தது. போட்டார். சரியாகவில்லை.

லென்ஸ், கேமரா, சக்கரம், ரப்பர், சாஃப்ட்வேர் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த மனிதர், துளையில் வைக்கிற கண்ணை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. வலது கண்ணை எடுத்துவிட்டு இடது கண்ணை ஒரே ஒரு தடவை வைத்திருந்தால் போதும். அதற்கு ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவரை உலுக்கவேண்டும் போலிருக்கிறது.

அவருக்கு எப்படித் தெரியும் என்று அக்கா பரிந்து பேசுவாள். அதுவும் நியாயம்தான். மற்ற நேரமெல்லாம் இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன. வலது கண் செய்யும் தப்பை இடது கண் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறது. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் மட்டும் அவர் உலகத்தைப் பார்ப்பது கேமராவுக்குள் மட்டும்தான். அதனால் கோணல் கேமராவில் இருந்தது.

மகளுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்த சமயம், அத்தானுக்கு இடது கண்ணில் கட்டி வந்தது. சாதாரணக் கண்கட்டி. பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். முதலாளி, "என்ன ஃபோகஸ், ஒரு கண்ணு லீவா?" என்று கேலி செய்தார். அன்றைக்குக் காட்சிக்கூடத்தில் புதிதாக ஒரு சுவருக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். நான் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் மேஸ்திரியைப் பிடித்துத் திட்டுவது கேட்டது.

"கண்ணு தெரியுதாயா உனக்கு? நடுவரிசை பூரா வளைஞ்சு கிடக்கு. வர்றவன் காறித் துப்புவான்."

மேஸ்திரி ரசமட்டக் கட்டையை எடுத்துச் சுவரில் வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் நடுவில் நின்றது. "நீங்களே வச்சுப் பாருங்கண்ணே" என்று கட்டையை நீட்டினார்.

அத்தான் அதை வாங்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கேமரா இல்லை, லென்ஸ் இல்லை. மெதுவாக இடது கண்ணின் பஞ்சைப் பிய்த்தார். சுவரைப் பார்த்தார். பஞ்சைத் திரும்ப வைத்து அழுத்தினார். எடுத்தார். வைத்தார். இதுதான் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுவது. கடைசியாகக் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

"மாப்ள, வண்டியை எடு" என்றார்.

கண் மருத்துவர் சின்ன வயதுப் பெண். ஓர் அட்டையை நீட்டினார். அட்டை முழுவதும் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டாக்டர், இதைத்தான் நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பண்ணிட்டிருந்தேன்."

அவருக்கு அது புரியவில்லை. மருந்து விட்டு, படம் எடுத்து, வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். கண்ணின் பின்திரையில் நடு இடத்தில் ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஊசி போட்டு நிறுத்திப் பார்த்திருக்கலாம். இப்போது தழும்பாகிவிட்டது.

"நேர்கோடு வளைஞ்சு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா வரல?"

"கேமராவை ரிப்பேருக்குக் கொடுத்தேம்மா" என்றார் அத்தான்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இடது கண்ணிலும் அறிகுறி இருக்கிறது என்றார்கள். அதற்கு ஊசி போட ஆரம்பித்தோம். கட்டம் போட்ட அட்டையை அக்கா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். காலையில் எழுந்ததும் அத்தான் அதன் முன்னால் போய் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பார். அக்கா அடுப்பைப் பார்க்கிற மாதிரி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். "எப்படிங்க இருக்கு?" என்பாள். "நேரா இருக்கு" என்பார். ஒருநாள் அவர் பதில் சொல்லாமல் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அன்றைக்கே அட்டையைக் கிழித்துப் போட்டாள்.

துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெரியப்பா, "முன்னாடியே காட்டியிருக்கணும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பிரயோஜனம்?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. அந்தப் பழமொழியை நானும் ஊரில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

முதலாளி நல்லவர், வேலையைவிட்டு அனுப்பவில்லை. வாசல் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு, வருகிறவர்களை வரவேற்கச் சொன்னார். துரத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்றார் அத்தான்.

பேத்தி பிறந்தாள். சொன்னபடி முதல் படம் அவர்தான் எடுத்தார். எங்கள் யாருக்கும் தடுக்க மனம் வரவில்லை. முன்பெல்லாம் கேமராவை 'ஆட்டோ'வில் போட்டு எடுப்பவர்களை "கேமராதான் எடுக்குது, இவன் சும்மா தூக்கிட்டுத் திரியறான்" என்று நக்கலடிப்பார். இப்போது எல்லாவற்றையும் ஆட்டோவில் போட்டார். அந்தப் புதுக் கேமரா எதிரே இருக்கும் முகத்தைத் தானே தேடும். முகத்தில் கண்ணைத் தேடும். கண்டதும் பச்சைக் கட்டம் போட்டுப் 'பீப்' என்று சத்தம் கொடுக்கும். மகள் ஜன்னலோரம் குழந்தையைப் பிடித்துக்கொண்டாள். அவர் 'பீப்' சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டு அழுத்தினார்.

படங்களைப் பெரிய திரையில் போட்டோம். இதுவரை அவர் எடுத்ததிலேயே இவைதான் நன்றாக இருந்தன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீடே கூடி நின்று ஜாடை பார்த்தது. மூக்கு அப்பா மூக்கு என்றார்கள் மருமகன் பக்கம். காது எங்கள் வீட்டுக் காது என்றாள் அக்கா. நெற்றிக்கு ஒரு சண்டை. இந்தச் சண்டைகளையெல்லாம் முன்பு அத்தான்தான் தீர்த்துவைப்பார். படத்தைப் பெரிதாக்கி, "இங்க பாரு, இந்த வளைவு யாருது?" என்று எல்லார் வாயையும் அடைப்பார். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போனபின் என்னை மட்டும் கூப்பிட்டார். மவுஸ் அவர் கையில் இருந்தது. குழந்தையின் முகம் திரையை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதை நேராகப் பார்க்காமல், தலையை ஒருபக்கமாகத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில்தான் அவருக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறது.

"மாப்ள, ஷார்ப்பா இருக்கா?"

"இருக்கு அத்தான்."

"இமை முடி தனித்தனியாத் தெரியுதா?"

"தெரியுது."

"நீ ஒருத்தன்தான் நேரா இருக்கறதை நேரா இருக்குன்னு முதல்ல சொன்னவன். அதனால உன்கிட்டக் கேக்கறேன். யார் ஜாடை?"

"உங்க ஜாடைதான் அத்தான். நெத்தி, தாடை எல்லாம் அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கு. கண்ணுகூட உங்க…"

அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கண்ணு வேண்டாம்டா" என்றார். "மத்ததெல்லாம் இருக்கட்டும். கண்ணு மட்டும் என்னுது வேண்டாம்."

நான் திரையை இன்னொரு முறை பார்த்தேன். இமை இறங்குகிற விதம், ஓரத்தில் விழுகிற அந்தச் சின்ன மடிப்பு. யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

"இல்ல அத்தான், இப்பத்தான் சரியாப் பாக்கறேன். கண்ணு அக்காவோடது."

"நல்லாப் பாத்தியா?"

"பெருசாக்கியே பாத்துட்டேன்."

"அப்படின்னா சரி" என்று சொல்லிவிட்டு, திரையை அணைக்கிற பொத்தானைக் கையால் தடவித் தேட ஆரம்பித்தார்.